கெர்ஷானின் பெயரில் ஒரு விருது

இருதுருவ மனநோயை ஆராயும் இளையோர்க்குப் பன்னாட்டு இருதுருவ நோய்ச் சங்கம் வழங்கும் விருது, பித்தெழுச்சிக்கு லித்தியம் பயன்படுவதைக் கண்டறிந்த ஜான் கேடின் பெயரில் இல்லை. சாமுவேல் கெர்ஷானின் பெயரில் இருக்கிறது. ஏன் என்று நாம் வியந்ததுண்டு.

கேடின் கதை எவரையும் மயக்கும். சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டு ஜப்பானியரின் போர்க்கைதி. மீண்டபின், மெல்போர்னை அடுத்த பண்டூரா மருத்துவமனையில் பயன்படாதிருந்த ஒரு சமையற்பண்டக அறையே அவருடைய ஆய்வுக்கூடம். ஆய்வுப் பயிற்சி பெற்றவரல்லர். லித்தியம் செலுத்திய கினிப்பன்றிகள் அடங்கிக் கிடக்கக் கண்டார். தாமே உட்கொண்டு பார்த்தார். பின்பே நோயாளிகளுக்குக் கொடுத்தார். பித்தெழுச்சியுற்ற பத்துப் பேர் தேறிய செய்தி 1949 செப்டம்பரில் அச்சேறியது.

ஆனால் அவருடைய முதல் நோயாளி 1950இல் லித்திய நஞ்சேறி மாண்டார். (புகழ்மாலை தொடுப்போர் இதை விரைந்து கடந்துவிடுவர்.) குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. குருதியில் அதனை அளந்தறியும் முறையை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டிராட்னர் வகுத்தார். 1951இல் நோவாக்குடன் சேர்ந்து, நூறு நோயாளிகளுக்கு மேல் கண்ட அனுபவத்தை வெளியிட்டார். அவரோடு பணியாற்றித் தேர்ந்த இளம் மருத்துவரே கெர்ஷான். கேடின் துணிவை எந்த நல்கையும் உண்டாக்கித் தராது. அளக்கும் பழக்கத்தையோ ஓர் ஆசிரியரிடம் கற்கலாம். விருதின் பெயர் பொருத்தமென்றே நமக்குப் படுகிறது.

கெர்ஷான் அமெரிக்காவுக்குப் பெயர்ந்து 1960இல் யூவிலருடன் லித்தியம் பற்றிக் கட்டுரை எழுதினார். உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடை உண்டு சிலர் இறந்ததால் 1949இல் அதைத் தடைசெய்திருந்த நாடு அது. அங்கே மருந்தாக லித்தியத்துக்கு அனுமதி கிடைத்தது 1970இல்தான்.