பல்லியின் நிறம்

பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்குவோர் பலர். ஆயின் பல்லியின் நிறத்துக்கு ஓர் அறிவியல் வரலாறும் உண்டு என்பதை மாணவர் பலர் அறியார். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் காட்சிசாலையைப் பேணிவந்த எட்வர்டு பிளித் என்பார், 1854-இல், இன்று பாகிஸ்தானில் உள்ள உப்பு மலைத்தொடரில் கிடைத்த பல்லி ஒன்றை விவரித்து எழுதினார். அதற்கு மூடித் திறக்கும் இமைகள் உண்டு. சுவரைப் பற்றும் ஒட்டுவிரல்கள் இல்லை. மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் நிறைந்திருந்தமையால், 'புள்ளியுடையது' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்கு இட்டார். இன்று பல நாடுகளில் இல்லங்களில் வளர்க்கப்பெறும் சிறுத்தைப் பல்லி இதுவே.

புள்ளியால் பெயர் பெற்ற இதற்கு எல்லாப் பருவத்தும் புள்ளி உண்டோ? இல்லை. குஞ்சின் முதுகில் காண்பன குறுக்கே ஓடும் அகன்ற கரும்பட்டைகளே. வளர வளர அவை சிதைந்து புள்ளிகளாகின்றன. முட்டை இருந்த இடத்தின் வெப்பமும் நிறத்தை மாற்றும்; வெப்பம் மிகுந்தால் குஞ்சின் நிறம் வெளிறும். நம் வீட்டுப் பல்லியும் இரவில் வெளிறியும் பகலில் கருத்தும் தோன்றுவதை விடுதி மாணவர்க்கு நான் பலமுறை காட்டியிருக்கிறேன்.

கருநிறம் அற்ற சிறுத்தைப் பல்லிகளில் மூன்று மரபுகள் உள. கண்ணுக்கு அவை ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் வெவ்வேறு மரபைச் சேர்ந்த இரண்டை இணைத்தால், குஞ்சு இயல்பான கரும்புள்ளிகளோடு பிறக்கும். தாயின் குறை ஒரு மரபணுவில், தந்தையின் குறை வேறொரு மரபணுவில். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகின்றது. மெண்டல் 1865-இல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு விளக்கிய விதியே இதற்கும் அடிப்படை.

இனி ஒரு துயரச் செய்தி. 'லெமன் பிராஸ்ட்' என்னும் ஒளிமிக்க மஞ்சள் வகையைப் பலர் விரும்பி வாங்கினர். அவ்வகையில் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டவற்றுக்கு, தோலின் வெண்ணிற அணுக்களில் கட்டிகள் தோன்றின. அழகைத் தந்த மரபணு மாற்றமே நோயையும் தந்தது என்பதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2021-இல் வெளியிட்டனர்.

எங்கள் இரணியலில் துணி நெய்வோர் சாயத்தைக் கண்டு மயங்கார். இழையைத் தடவிப் பார்த்தே மதிப்பிடுவர். உயிரினத்தை ஆராயப் புகும் இளைஞர்க்கும் அதுவே நெறி. நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வயதையும் வெப்பத்தையும் மரபையும் உசாவுங்கள். அதன்பின் பெயரிடுங்கள். நம் கண்ணின் இன்பத்துக்காக ஓர் உயிர் நோயுறுதல் தகுமோ என்பதையும் எண்ணிப் பாருங்கள்.