116 ஏக்கர் எங்கே போயிற்று?

சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரமாக மேற்கே நடந்தால் புறநகர் ரயில் நிலையம், விக்டோரியா பப்ளிக் ஹால், ரிப்பன் மாளிகை என்று வரிசையாக வரும். அவற்றுக்குப் பின்னால் அல்லிக்குளம் வளாகம், நேரு ஸ்டேடியம், மை லேடீஸ் பூங்கா. ஒரு காலத்தில் இதெல்லாம் ஒரே பூங்காவாக இருந்தது என்று யாரிடமாவது சொன்னால், "எந்தப் பூங்கா?" என்றுதான் கேட்பார்கள். பீப்பிள்ஸ் பார்க் என்ற பெயர் சென்னைக்காரர்களுக்கே மறந்துவிட்டது. பரப்பு 116 ஏக்கர். எங்கள் ஊர் வழக்கப்படி கிரவுண்டுக் கணக்கில் சொன்னால் 2,100 கிரவுண்டுக்கும் மேல்.

நான் நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு நிலம் கைமாறுவதைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. தனியார் நிலம் போவதற்கு ஒரு பத்திரம், ஒரு விலை, ஒரு சண்டை இருக்கும். பொது நிலம் போவது வேறு மாதிரி. இந்தப் பூங்காவைத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று எந்த மன்றமும் எந்த நாளிலும் தீர்மானம் போடவில்லை. இருந்தும் பூங்கா இல்லை. அது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

1859-ல் சார்லஸ் ட்ரெவெல்யன் சென்னைக்கு ஆளுநராக வந்தார். அன்று கறுப்பர் நகரம் என்று சொல்லப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுன், வீட்டோடு வீடு ஒட்டி, காற்றுக்கு வழியில்லாமல் நெருக்கியடித்துக் கிடந்தது. அதன் மேற்கு மதில் ஓடிய இடம்தான் வால்டாக்ஸ் ரோடு. மதில் கட்டிய செலவுக்கு ஊராரிடம் வரி போடக் கம்பெனி நினைத்தது. வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் தெருவுக்கு நிலைத்தது. அந்த மதிலுக்கு வெளியே, கூவத்துக்கு வடக்கே கிடந்த வெற்று நிலத்தை ஊர் ஜனங்கள் உலாவுவதற்கென்று பூங்காவாக்கத் தொடங்கினார் ட்ரெவெல்யன். அடுத்த ஆண்டே லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. கல்கத்தா கொண்டுவந்த புதிய வருமான வரியை எதிர்த்துத் தாம் எழுதிய குறிப்பை அவர் பத்திரிகையில் வெளியாகும்படி செய்துவிட்டதுதான் காரணம். ஆள் போய்விட்டார், பூங்கா நகராட்சியின் பொறுப்பில் வளர்ந்தது.

எப்படிப்பட்ட பூங்கா! பதினோரு குளங்கள். உள்ளே மட்டும் ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள். பேண்டு வாசிக்க மேடை, குளிக்கும் துறை, டென்னிஸ் மைதானங்கள். எட்வர்ட் பல்ஃபர் 1855-ல் எழும்பூர் மியூசியத்தில் தொடங்கிய மிருகக்காட்சி சாலையை 1863-ல் இங்கே கொண்டுவந்தார்கள். அப்போதிலிருந்து ஊருக்கு இரண்டு காலேஜ். மியூசியம் செத்த காலேஜ், பீப்பிள்ஸ் பார்க் உயிர் காலேஜ். என் அம்மா கடைசிவரை அப்படித்தான் சொன்னார். வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் ஒரு நாள் பீச், ஒரு நாள் உயிர் காலேஜ் என்பது எங்கள் வீட்டில் மாறாத ஏற்பாடு.

வருடக் கடைசியில் பூங்காவில் பெரிய கண்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தக் கண்காட்சியில் தீப்பிடித்து நானூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். சென்னை கண்ட மிகக் கொடிய தீ விபத்துகளில் ஒன்று அது. அந்த இடத்தை இன்று தினமும் கடந்துபோகிற லட்சக்கணக்கான பேரில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அந்தக் காலத்திலேயே பூங்கா நிலம் கழியத் தொடங்கிவிட்டது. ஊருக்கு ஒரு நகர மண்டபம் வேண்டும் என்று 1880-களில் பெரிய மனிதர்கள் கூடிப் பேசினார்கள். 1883 டிசம்பரில் விஜயநகரம் ராஜா அடிக்கல் நாட்டினார். கட்டடக் கலைஞர் சிஸம் வரைந்து கொடுக்க, நம்பெருமாள் செட்டி கட்டினார். அதற்காகப் பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு 99 வருடக் குத்தகைக்குப் போயிற்று, வாடகை பெயருக்குத்தான். அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது. 1897-ல் விவேகானந்தர் அங்கே பேசினார். அந்த மண்டபம் இல்லாத சென்னையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கொடுத்தது தப்பு என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

சிக்கலே அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொன்றும் நல்ல காரியம்.

அடுத்தது மூர் மார்க்கெட். பிராட்வேயில் இருந்த பாப்ஹாம் சந்தை அழுக்கும் நெரிசலுமாகச் சீர்கெட்டுக் கிடந்தது. அதற்கு மாற்றாகச் சுத்தமான சந்தை ஒன்று கட்ட நகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் முனைந்தார். இடம் எங்கே? சந்தைக்கென்று தனியார் நிலத்தை வாங்கினால் பணம் கொட்ட வேண்டும். பூங்காவோ நகராட்சியின் கைவசமே இருக்கிறது. 1898-ல் அடிக்கல், 1900-ல் திறப்பு. செங்கல் நிறத்தில், நடுவில் முற்றம் விட்டுச் சுற்றிலும் தாழ்வாரங்களோடு, அழகான கட்டடம். கறியும் காயும் பூவும் விற்கத்தான் கட்டினார்கள். காலப்போக்கில் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல், புறா என்று அங்கே கிடைக்காத பொருள் இல்லை என்றாகிவிட்டது.

நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம் கிளார்க்ஸ் டேபிள் என்ற மடக்கை அட்டவணைப் புத்தகம் வாங்க அப்பா என்னை அங்கேதான் கூட்டிப்போனார். தாழ்வாரத்தின் தூண்களுக்கு நடுவே புத்தகங்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி, ஒரு முக்காலி போட்டுக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். முதல் பக்கத்தில் பழைய சொந்தக்காரன் பெயரை பிளேடால் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஐந்து ரூபாய் என்றார். அப்பா ஒன்றரை என்றார். "புதுசே எட்டு ரூபா சார், அட்டையப் பாருங்க, கிழியாத அட்டை" என்று அவர் சொல்ல, அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நாலு தூண் தாண்டி நடந்தார். ஐந்தாவது தூணை எட்டுவதற்குள் கடைக்காரர் கூப்பிட்டுவிட்டார். "வாங்க சார், படிக்கிற புள்ள, பாத்துக் குடுங்க." இரண்டே கால் ரூபாய்க்கு முடிந்தது. பேரம் தெரியாதவன் மூர் மார்க்கெட்டில் கால் வைக்கக் கூடாது என்பார்கள். அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் மடக்கை படித்தேன், அதில்தான் என் பிழைப்பே தொடங்கியது. ஆகவே மூர் மார்க்கெட் பூங்காவைத் தின்றது என்று எழுதும்போது எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை.

1909-ல் நகராட்சி தனக்கே இடம் எடுத்துக்கொண்டது. அதுவரை எர்ரபாலு செட்டித் தெருவில் இருந்த அலுவலகம் போதவில்லை. வைஸ்ராய் மின்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். லோகநாத முதலியார் கட்டினார். ஏழரை லட்ச ரூபாய் செலவு. 1913-ல் ரிப்பன் மாளிகை திறந்தது. பூங்காவுக்குக் காவலாக இருக்க வேண்டிய மன்றமே அதன் மேல் வந்து உட்கார்ந்த பிறகு, வேறு யார் வந்து இடம் கேட்டாலும் மறுக்க அதற்கு ஏது வாய்? அந்த வெள்ளைக் கட்டடத்தின் அழகைப் பார்த்து நானும் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். ஆனாலும், இந்தக் கதையில் மிகப் பெரிய தவறு என்று நான் நினைப்பது இந்த ஒன்றைத்தான்.

பிறகு இன்றைய நேரு ஸ்டேடியம். கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்றுதான் முதலில் பெயர். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தது இங்கேதான். 1993-ல் இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள்.

சாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. பூங்காவுக்குள் போகிற பாதையில் வண்டி போகாத வரை அது பூங்காவின் உறுப்பு. அதே இடத்தில் ஊர்ப் போக்குவரத்துக்கென்று ஒரு சாலை விழுந்துவிட்டால், சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாக், அந்தப் பக்கம் ஒரு பிளாக். ராஜா முத்தையா சாலை அப்படித்தான் பழைய பூங்கா நிலத்தை ஊடறுத்துப் போகிறது. நில அளவையில் இதற்கு உட்பிரிவு என்று பெயர். ஒரு சர்வே எண்ணை இரண்டாக்கினால் பழைய எண்ணின் கீழே ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டே போவோம். புதிய எண்ணுக்கு எதிரே "சாலை", "அலுவலகம்", "விளையாட்டரங்கம்" என்று எழுதுவார்கள். தாய் எண்ணில் மிஞ்சியதற்கு மட்டும் "பூங்கா" என்று இருக்கும். அடுத்த தடவை யாராவது இடம் கேட்டு வரும்போது கோப்பில் மேசைக்கு வருவது அந்த மிச்சம் மட்டும்தான். 116 ஏக்கரில் எவ்வளவு போயிருக்கிறது என்று பக்கத்தில் ஒரு கூட்டல் போட்டு வைக்கும் பழக்கம் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும், இருப்பதில் ஒரு மூலை என்றுதான் வரும். முதல் மூலை போலவேதான் கடைசி மூலையும் காகிதத்தில் தெரியும்.

விலையும் அப்படித்தான். நில எடுப்புச் சட்டப்படி தனியாரிடம் எடுத்தால் இழப்பீடு தர வேண்டும், வழக்கு வரும், வருடக்கணக்கில் இழுக்கும். பூங்காவை எடுத்தால் பட்டாதாரர் யாரும் நீதிமன்றத்துக்குப் போகமாட்டார். அங்கே மாலையில் வந்து உட்காரும் ஆளிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கோப்பில் அந்த நிலத்தின் மதிப்பு பூஜ்யம் என்று யாரும் எழுதுவதில்லை. திட்டச் செலவில் நிலத்துக்கான கட்டம் காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

1985-ம் வருடம் மூன்று சம்பவங்கள் ஒன்றாக நடந்தன. மே 30-ம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. அதற்கு முன்பே ரயில்வே விரிவாக்கத்துக்கு அந்த இடம் வேண்டும் என்ற பேச்சு இருந்ததால், தீயைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். அந்தப் பேச்சுக்குள் நான் போகவில்லை. அதே வருடம் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறந்தது. உயிர் காலேஜ் ஊரைவிட்டுப் போயிற்று. புலிக்கும் யானைக்கும் விசாலமான இடம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். காலியான கூண்டுகளின் இடம் மறுபடி பூங்காவாகவில்லை என்பதுதான் வருத்தம். விக்டோரியா ஹாலின் 99 வருடக் குத்தகையும் அதே வருடத்தோடு முடிந்தது. அதன் பிறகு மண்டபம் வழக்கும் பூட்டுமாகப் பல காலம் பாழடைந்து கிடந்தது.

வெந்த மார்க்கெட்டின் இடத்தில் ரயில்வேயின் புறநகர் முனையம் எழுந்தது. அதற்குப் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். கும்மிடிப்பூண்டிக்கும் ஆவடிக்கும் போகிறவர்கள் வாயில் தினமும் வரும் எம்.எம்.சி. அதன் சுருக்கம்தான். வாகனம் நிறுத்தும் இடத்தில் பழைய கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். வியாபாரிகளுக்கு மாற்று இடம் கொடுத்தது எங்கே தெரியுமா? அல்லிக்குளத்தில். பூங்காவின் குளங்களில் ஒன்று அது. பூங்காவில் கட்டிய கடைகளை அப்புறப்படுத்திப் பூங்காவின் குளத்திலேயே கடை கட்டினார்கள். பழைய புத்தகக்காரர்கள் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நீட் வினாத்தாள் தொகுப்புகளுக்கு நடுவில் எப்போதாவது ஒரு கிளார்க்ஸ் டேபிள் கண்ணில் படும்.

இதற்கெல்லாம் சட்டமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1959-ம் ஆண்டின் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம். உள்ளாட்சி மன்றம் தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களைப் பட்டியலிட வேண்டும். பட்டியலில் உள்ள இடத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் அது வருவதற்குள் பீப்பிள்ஸ் பார்க்கின் பெரும்பகுதி பட்டியலில் ஏற முடியாதபடி வேறு பெயர்களுக்கு மாறிவிட்டது. அனுமதி கேட்பதும் அரசாங்கத்தின் ஓர் அங்கம், கொடுப்பதும் இன்னோர் அங்கம் என்பதால், மறுத்துச் சொல்ல ஊரார்தான் முன்வர வேண்டியிருக்கிறது.

மெட்ரோ வேலை நடந்த வருடங்களில் ரிப்பன் மாளிகைக்கு முன்னால் இருந்த பசுமையும் தோண்டப்பட்டது. மெட்ரோ வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மூட்டு வலிக்கு அது எவ்வளவு உபகாரம் என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். மாநகராட்சி தன் ஒவ்வொரு பழைய பூங்காவுக்கும், தொடங்கியபோது எத்தனை ஏக்கர், எந்தத் தீர்மானத்தில் எத்தனை கிரவுண்டு எதற்காகப் போயிற்று, இன்று எவ்வளவு மீதி என்று ஒரு பலகை எழுதி வாசலில் வைக்கட்டும். பதிவேடுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு சர்வேயருக்கு இது சில மாத வேலை. முதல் பலகையை மை லேடீஸ் பூங்காவின் வாசலில் வைக்கலாம், மிஞ்சியதில் பூங்கா என்ற பெயரோடு இருப்பது அதுதான்.

நில உபயோக மாற்ற அறிவிப்புகள் பத்திரிகையின் உள்பக்கத்தில், சின்ன எழுத்தில், சர்வே எண்ணும் உட்பிரிவுமாக வரும். ஆட்சேபணை இருந்தால் இத்தனை நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று அடியில் ஒரு வரி இருக்கும். நான் அதைப் படிக்கிறேன். பூங்கா, ஏரி, மேய்க்கால், விளையாட்டுத் திடல் என்று கண்ணில் பட்டால் பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, தாய் எண்ணில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு போய்விட்டது என்று கூட்டிப் போட்டு, தபாலில் ஆட்சேபணை அனுப்புகிறேன். ஒப்புகை வந்து சேர்கிறது. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேருக்கு வரைபடம் பார்க்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.