நிக்காஹ்வுக்குப் பின் ஒரே வீட்டில்: பிரிட்டனில் அரசு உதவித்தொகை எப்படி மாறும்?

பிரிட்டனில் வாழும் நம் குடும்பங்களில் விதவைச் சகோதரிக்கோ விவாகரத்தான சகோதரிக்கோ மறுமணப் பேச்சு வந்தால், மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே சிலர் கேட்கும் கேள்வி இது: "பெனிஃபிட் நின்றுவிடுமா?" இந்தப் பயத்தால் நிக்காஹ்வைத் தள்ளிப்போடுவோர் உண்டு. நிக்காஹ் செய்துவிட்டு, "இங்கே பதிவு செய்யவில்லை, அதனால் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை" என்று நினைப்போரும் உண்டு. முதலாவது தேவையற்ற பயம். இரண்டாவது ஆபத்தான தவறு. இங்கே தரும் தொகைகள் 2025-26 நிதியாண்டுக்குரியவை.

பதிவில்லாத நிக்காஹ்: சட்டத்தின் இரு பார்வைகள்

இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி, வீட்டிலோ மண்டபத்திலோ ஓதப்படும் நிக்காஹ் மட்டும் சட்டபூர்வத் திருமணம் ஆகாது. 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அப்படிப்பட்ட நிக்காஹ் முறிந்தால், திருமணமான பெண்ணுக்குரிய சொத்துப் பங்கீட்டு உரிமையை அவர் குடும்ப நீதிமன்றத்தில் கோர முடியாது.

ஆனால் உதவித்தொகைச் சட்டம் பதிவேட்டைப் பார்ப்பதில்லை. திருமணமான தம்பதிகளைப்போல் ஒரே குடித்தனமாக வாழ்கிறார்களா என்பதையே பார்க்கிறது. செலவைப் பகிர்வது, பிள்ளைகளைச் சேர்ந்து வளர்ப்பது, உறவின் நிலைத்தன்மை, ஊரார் முன் கணவன் மனைவியாக அறியப்படுவது ஆகியவை கவனிக்கப்படும். வலீமா விருந்து கொடுத்து ஒரே வீட்டில் வாழும் தம்பதியர் இதில் ஐயமின்றி அடங்குவர். ஆக, பதிவு செய்யாத சகோதரிக்குத் திருமணத்தின் சட்டப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. உதவித்தொகை மட்டும் தம்பதிக் கணக்கில் மாறுகிறது. இரு பக்கமும் இழப்பு அவருக்கே. நிக்காஹ்வோடு சேர்த்துச் சிவில் பதிவும் செய்துகொள்ளுங்கள் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

இலங்கையிலோ இந்தியாவிலோ அந்நாட்டுச் சட்டப்படி செல்லத்தக்கதாக நடந்த நிக்காஹ், பொதுவாக பிரிட்டனிலும் திருமணமாக ஏற்கப்படும். அந்தச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நிக்காஹ் முடிந்தும் இன்னும் தனித்தனி வீட்டில் தனித்தனிக் குடித்தனமாக இருந்தால், யூனிவர்சல் கிரெடிட்டில் நீங்கள் தம்பதியாகக் கருதப்பட மாட்டீர்கள். ஒரே குடித்தனமாகும் நாளிலிருந்தே கணக்கு மாறும்.

யூனிவர்சல் கிரெடிட் கணக்கு

ஒரே வீட்டுக்கு வந்ததும் இருவரும் கூட்டு விண்ணப்பத்துக்கு மாற வேண்டும். 25 வயதுக்கு மேற்பட்ட தனி நபருக்கு மாத அடிப்படைத் தொகை 400.14 பவுண்டு. தம்பதிக்கு (ஒருவராவது 25 வயதைத் தாண்டியிருந்தால்) 628.10 பவுண்டு. இருவரும் முன்பு தனித்தனியே பெற்று வந்திருந்தால் மொத்தத்தில் 172.18 பவுண்டு குறையும்.

கணவர் வேலை செய்பவராக இருந்தால் அவர் வருமானமும் கணக்கில் சேரும். ஓர் உதாரணம்: இரண்டு பிள்ளைகளுடன் வாடகை வீட்டில் வாழும், வேலைக்குச் செல்லாத சகோதரி, மாதம் 1,800 பவுண்டு கையில் வாங்கும் ஒருவரை மணக்கிறார். முதல் 411 பவுண்டு விட்டுவைக்கப்படும். மீதி 1,389 பவுண்டில் 55 சதவீதம், அதாவது 763.95 பவுண்டு கழிக்கப்படும். அடிப்படைத் தொகை 227.96 பவுண்டு கூடுவதால், நிகரமாகக் குறைவது சுமார் 536 பவுண்டு. வீட்டுக்குள் புதிதாக வருவதோ 1,800 பவுண்டு. குடும்பம் ஏழையாவதில்லை. ஆனால் முன்பு சகோதரியின் கணக்குக்கு வந்த பணத்தில் ஒரு பகுதி இப்போது கணவரின் சம்பளமாக வருகிறது. உண்மையில் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

மார்க்கத்தில் பிள்ளைகளின் நஃபகா சொந்தத் தந்தையின் கடமை. மாற்றுத் தந்தை மீது அது கடமையில்லை. உதவித்தொகைச் சட்டமோ, வீட்டில் இருப்பவரின் சம்பளம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே செலவாகும் என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே வீட்டுச் செலவு, பிள்ளைகளின் செலவு, சகோதரியின் கைச்செலவு ஆகியவற்றை நிக்காஹ்வுக்கு முன்பே, வலியின் முன்னிலையில் பேசி எழுதிக்கொள்வது நல்லது. முன்னாள் கணவர் தரும் பிள்ளைப் பராமரிப்புத் தொகை யூனிவர்சல் கிரெடிட்டில் வருமானமாகக் கணக்கிடப்படாது. தாய் மறுமணம் செய்தாலும் அவருடைய கடமை நீங்காது.

சேமிப்பு வரம்பு தனி நபருக்கும் தம்பதிக்கும் ஒன்றே. 6,000 பவுண்டுக்கு மேல் தொகை குறையத் தொடங்கும். 16,000 பவுண்டைத் தாண்டினால் கிடைக்காது. மஹர் ரொக்கமாக வங்கியில் இருந்தால் சேமிப்பில் சேரும். அணியும் நகை தனிப்பட்ட உடைமை என்பதால் பொதுவாகச் சேராது.

மற்ற உதவிகள்

சைல்ட் பெனிஃபிட் தொடரும். ஆனால் தம்பதியில் ஒருவரின் ஆண்டு வருமானம் 60,000 பவுண்டைத் தாண்டினால் அதில் ஒரு பகுதி வரியாகத் திரும்பச் செல்லும்; 80,000 பவுண்டில் முழுவதும் சென்றுவிடும்.

கவுன்சில் டாக்ஸில் தனியாக வாழ்பவருக்கான 25 சதவீதத் தள்ளுபடி நின்றுவிடும். கவுன்சிலுக்குத் தனியே அறிவிக்க வேண்டும்.

பிஐபி எனப்படும் உடல் இயலாமைக்கான உதவித்தொகை, கேரர்ஸ் அலவன்ஸ் ஆகியவை துணைவரின் வருமானத்தால் குறையாது.

கணவர் 2017 ஏப்ரல் 6 முதல் இறந்திருந்தால் கிடைக்கும் 18 மாத பிரீவ்மென்ட் சப்போர்ட் தொகை மறுமணத்தால் நிற்காது. அதற்கு முன் இறந்தவர்களுக்கான பழைய விடோட் பேரண்ட்ஸ் அலவன்ஸ் நிற்கும்.

பென்ஷன் கிரெடிட் பெறும் பெரியவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். 2019 மே 15 முதல், துணைவர் ஓய்வூதிய வயதுக்குக் கீழே இருந்தால் புதிதாகத் தம்பதியாகும் இருவரும் யூனிவர்சல் கிரெடிட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். தனியாக வாழும் பெரியவரின் வருமானத்தைப் பென்ஷன் கிரெடிட் வாரம் 227.10 பவுண்டு வரை நிரப்பித் தரும். இது மாதத்துக்கு ஏறத்தாழ 984 பவுண்டு. யூனிவர்சல் கிரெடிட்டில் இருவருக்கும் சேர்த்தே அடிப்படை 628.10 பவுண்டுதான், அதிலும் அரசு ஓய்வூதியம் முழுவதும் கழிக்கப்படும். வயதில் இளையவரை மணக்கும் முன் இதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

துணைவர் ஊரிலிருந்து வந்திருந்தால்

இலங்கை, இந்தியாவிலிருந்து ஸ்பவுஸ் விசாவில் வருபவர்கள் பொதுவாக அரசு உதவி பெறத் தகுதியற்றவர்கள். அப்போது இங்கிருப்பவருக்குத் தனி நபர் தொகையே கிடைக்கும். ஆனால் வந்தவரின் சம்பளமும் சேமிப்பும் கணக்கில் சேரும். வந்தவரின் பெயரால் கூடுதல் உதவி பெறுவது அவருடைய விசாவைப் பாதிக்கலாம். புதிய உதவி எதற்கும் விண்ணப்பிக்கும் முன் குடிவரவு ஆலோசகரிடம் கேளுங்கள்.

தலாக், இத்தா காலம்

மீட்கக்கூடிய தலாக்கில் மனைவி இத்தா முடியும் வரை கணவர் வீட்டிலேயே இருப்பார். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் பணம், சமையல், படுக்கை எல்லாம் பிரிந்து இரு குடித்தனமாக இருந்தால் தனி விண்ணப்பம் சாத்தியம். தனி அறையில் உறங்குவது மட்டும் போதாமல் போகலாம். பிரிந்த தேதியையும் செலவு விவரங்களையும் குறித்து வையுங்கள்.

கூட்டுத்தொகை ஒரே வங்கிக் கணக்குக்கு வரும். கணவர் பணத்தைத் தராமல் ஒடுக்கினால், தொகையைப் பிரித்து இருவருக்கும் அனுப்புமாறு கோரலாம்.

மறைத்தால்

மாற்றத்தை உடனே யூனிவர்சல் கிரெடிட்டின் இணையக் கணக்கில் அறிவியுங்கள். மறைத்தால், ஒரே குடித்தனமான நாள் வரை பின்னோக்கிக் கணக்கிட்டு அதிகமாகப் பெற்ற பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். கவனக்குறைவுக்கு 50 பவுண்டு அபராதம் உண்டு. வேண்டுமென்றே மறைத்தால் வழக்கும் சிறையும் வரலாம். கடன் பெரும்பாலும் சகோதரியின் பெயரில்தான் நிற்கும்.

மார்க்கமும் இதையே சொல்கிறது. உதவித்தொகை, உண்மையைச் சொல்வோம் என்ற ஒப்பந்தத்தின்மேல் பெறும் பணம். பொய் சொல்லிப் பெற்றால் அது ஹலால் ஆகாது. நிக்காஹ்வை ஊரறியச் செய்வது சுன்னத். அரசாங்கத்திடம் மறைப்பதற்காக ஊருக்கும் மறைக்கப்படும் நிக்காஹ், நாளை அந்தப் பெண் தன் உரிமையைக் கேட்கும்போது சாட்சியில்லாமல் நிற்கும்.

நிக்காஹ் தேதி குறிக்கும் முன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவசமாக இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். குறைவது எவ்வளவு, வருவது எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், அல்லாஹ் நாடினால், பயந்து மறுமணத்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம். மறைத்து வாழவும் வேண்டாம்.