கந்தன் கருணையும் கோயில் வாசலும்

யாழ்ப்பாணத்தின் போராட்ட வரலாறு எண்டால் நாங்கள் பெரும்பாலும் 1961 கச்சேரிச் சத்தியாக்கிரகத்தில் தொடங்குவோம். மொழி, உரிமை, அரசு எண்டு கதை நேராகப் போகும். அந்தக் கதையில் அடிக்கடி விடுபட்டுப் போவது அதே தசாப்தத்தில் நடந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டம்.

1966 ஒக்டோபர் 21 அன்று சாதிக்கொடுமைக்கு எதிரான ஊர்வலம் ஒன்று சுன்னாகத்திலிருந்து யாழ் நகர் நோக்கிப் புறப்பட்டது. பொலிஸ் தடியடி நடத்தியது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே விடச் சொல்லி நின்றார்கள். அப்படித் தடுப்பது 1957 ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஆனாலும் மறித்து நின்றவர்களுள் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கமும் இருந்தார். தமிழருக்குத் தனிநாடு வேணும் எண்டு முதலில் பேசியவர்களில் ஒருவர் அவர். நாடு கேட்ட அதே ஆள்தான் தமிழரிலேயே ஒரு பகுதியினரை வாசலில் மறித்தார். அப்ப அவர் கேட்ட நாடு ஆருக்கு?

இந்தப் போராட்டத்தை மேடைக்குக் கொண்டுவந்தது என். கே. ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’ நாடகம். 1967 இல் வந்த பக்திப் படத்தின் பெயரும் அதுதான். படத்தில் கருணை மேலிருந்து வரும். மாவிட்டபுர வாசலில் நின்றவர்களுக்கு அது தானாக வரவில்லை. இதை மனதில் வைத்துப் பார்த்தால் தலைப்பே ஒரு குத்தல்தான்.

அம்பலத்தாடிகள் குழு அதைக் காத்தவராயன் கூத்துப் பாணியில் ஆடியது. எங்கட ஊர்களில் அம்மன் கோயில் நேர்த்திக்கு ஆடுகிற கூத்து அது. மெட்டுகள் சனத்துக்கு வாய்ப்பாடம். துண்டுப்பிரசுரம் வாசிக்காத ஆளும் அந்த மெட்டுக் கேட்டால் நிண்டு பார்ப்பார். கதையும் பொருந்துகிறது: உயர்குல ஆரியமாலையை விரும்பிக் கழுமரம் ஏறுகிறவன் காத்தான். குல எல்லையை மீறியவனின் பாட்டிலேயே கோயில் நுழைவும் பாடப்பட்டது. கோயில் வளர்த்த கலையே கோயில் வாசலைக் கேள்வி கேட்டது.

இது பழங்கதை எண்டு தள்ளவும் ஏலாது. 2018 இல் தென்மராட்சி வரணியில் ஒரு கோயில் தேரைக் கனரக இயந்திரம் இழுத்தது. எல்லாச் சாதியினரும் வடம் பிடிப்பதைத் தவிர்க்கத்தான் அது எண்டு செய்திகள் வந்தன.

போராட்டத்தைப் படமாக, பாட்டாக, நாடகமாக ஆக்குகிறபோது எதிராளி வெளியில் இருந்தால் எங்களுக்கு லேசு. ‘கந்தன் கருணை’ எங்கட வீட்டுக்குள்ளேயே ஆளைக் காட்டியது. அதனால்தான் அதைத் திரும்ப மேடையேற்ற வேணும் எண்டு கேட்கிறோம், அதுவும் ஊர்க் கோயில் வீதிகளிலேயே.