பட்டை தீட்டாத வைரம்: ஒரு வணிகச் சொல்லின் எல்லை

வைரம் பற்றிய கலைச்சொற்கள் தமிழுக்குப் புதியன அல்ல. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரை மணிவீதியைக் கூறுமிடத்து, வைரத்திற்குரிய குற்றங்களைப் பெயர்சுட்டி உரைக்கின்றது. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள், அணிகலன்களிற் பதித்த வைரங்களை எண்ணி, அவற்றின் வடிவையும் மாசையும் வகைப்படுத்தி, நகைகளின் நிறையை மஞ்சாடியாலும் குன்றியாலும் குறிக்கின்றன. ஐரோப்பிய வணிகர் குறிப்புகளில் வரும் 'மாஞ்ஜெலின்' என்னும் வைர நிறைப்பெயர் இம்மஞ்சாடியோடு உறவுடையது.

கோல்கொண்டாப் பகுதிச் சுரங்கக் கற்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சென்னைத் துறையின் வழியே இலண்டன் சென்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் இசைவு பெற்று, அதன் கப்பல்களிலேயே பொட்டலங்களாக அவை அனுப்பப்பெற்றன. அவற்றிற்கு ஈடாக வெள்ளியும் பவளமும் இறங்கின. சென்னைப் பவழக்காரத் தெருவின் பெயர் அவ்வணிகத்தின் எச்சமே. 18ஆம் நூற்றாண்டில் பிரேசிலும், 1867க்குப் பின்னர்த் தென்னாப்பிரிக்காவும் சுரங்க நாடுகளாயின. வணிகத்தின் திசையே மாறிற்று. இன்று கல் மும்பைக்கு வந்திறங்கிச் சூரத்தில் பட்டை தீட்டப்பெற்று, பெரும்பாலும் மும்பை வழியாகவே வெளியேறுகின்றது. 2010இல் பாந்திரா–குர்லா வளாகத்தில் திறக்கப்பெற்ற பாரத் வைரச் சந்தையினுள்ளேயே சுங்க அலுவலகமும் உண்டு. மித்தி ஆற்றின் மறுகரையில் உள்ளது, தமிழர் மிகுதியாக வாழும் தாராவி.

2003 சனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள கிம்பர்லிச் சான்றிதழ் முறை, பட்டை தீட்டாத வைரம் எல்லை கடக்கும்போதெல்லாம் பிரித்தால் தெரியும்படி மூடிய கலத்தையும் அரசுச் சான்றிதழையும் கட்டாயமாக்கிற்று. இந்தியாவில் இச்சான்றிதழ்களை வழங்கவும் சரிபார்க்கவும் அமர்த்தப்பெற்றது, 1966இல் தோன்றிய மணி, நகை ஏற்றுமதி வளர்ச்சிக் கழகம். சான்றிதழ் எம்மொழியிலும் இருக்கலாம். ஆங்கில மொழிபெயர்ப்பு உடனிருத்தல் வேண்டும் என்பது விதி. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க விதி இது.

ஆயினும் சிக்கல் வேறோரிடத்தில் உள்ளது. விதியின்படி, வேலைப்பாடு செய்யாத கல் மட்டுமன்றி, வெறுமனே அறுத்த கல்லும், பிளந்த கல்லும், மற்றொரு வைரத்தோடு உரைத்து உருட்டிய கல்லும் இவ்வகையிலேயே அடங்கும். எனவே 'வெட்டாத வைரம்' என்று பெயர்ப்பது பிழை. அறுத்த கல் அச்சொல்லுக்கு வெளியே நின்றுவிடும்; சான்றிதழின்றி அதனை அனுப்பலாம் என்னும் பொருளும் பிறந்துவிடும். 'பட்டை தீட்டாத வைரம்' என்பதே ஏற்புடையது. பட்டை தீட்டியபின் கிம்பர்லிச் சான்றிதழ் வேண்டுவதில்லை. விற்போர் விலைப்பட்டியலில் எழுதும் உறுதிமொழி வாசகமே கல்லுடன் செல்லும்.

இம்முறை தடுக்க முனைந்த வைரத்திற்கு நம் இதழ்கள் 'குருதி வைரம்' என்று பெயரிட்டன. உணர்ச்சி மிக்க பெயர். விதியின் பெயர் அன்று. முறையான அரசுகளை வீழ்த்தும் போருக்குக் கிளர்ச்சிப் படைகள் பொருள் திரட்டப் பயன்படுத்தும் பட்டை தீட்டாத வைரத்தை மட்டுமே விதி சுட்டுகிறது. 2008இல் சிம்பாப்வேயின் மராங்கேயில் சுரங்கத் தொழிலாளரைக் கொன்றது அரசுப்படை. ஆதலின் அக்கற்கள் இவ்வரையறைக்குள் வரவில்லை. 2011இல் அவற்றின் ஏற்றுமதிக்கு வழிவிடப்பட்டது. அவ்வாண்டே 'குளோபல் விட்னசு' அமைப்பு இம்முறையினின்று விலகிற்று. இந்தியா தலைமை வகித்த 2019இல், புதுதில்லிப் பேரவையிலும் வரையறையை விரிக்க ஒருமித்த இசைவு கிட்டவில்லை.