பிப்ரவரி 2: அருங்காட்சியகமும் ஆங்கிலமும் குழந்தையும்

1814ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், நத்தானியல் வாலிச் என்னும் டென்மார்க் நாட்டுத் தாவரவியலாளர் கல்கத்தாவின் ஆசியக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கழகம் அருங்காட்சியகம் ஒன்றை நிறுவ வேண்டும். தம் சேகரிப்பில் இரட்டையாக உள்ள பொருள்களைத் தாமே தருவதாகவும், ஊதியமின்றிப் பொறுப்பாளராகப் பணியாற்றுவதாகவும் அதில் அவர் தெரிவித்தார். இன்றைய இந்திய அருங்காட்சியகம் அக்கடிதத்திலிருந்து பிறந்தது. 21 ஆண்டுகள் கழித்து, 1835இல், அதே நகரில், அதே பிப்ரவரி 2ஆம் நாள், மெக்காலே தம் கல்விக் குறிப்புரையில் கையொப்பமிட்டார். சமஸ்கிருதமும் அரபியும் தமக்குத் தெரியாது என்பதை அதில் ஒப்புக்கொண்டபடியே, இந்தியாவின் உயர்கல்விக்குரிய மொழி ஆங்கிலமே என்று அவர் வாதிட்டார். அடுத்த மாதமே, மார்ச் 7ஆம் நாள், பென்டிங்கின் அரசு அதை ஏற்றுத் தீர்மானம் இயற்றியது.

நாள் ஒன்றாக அமைந்தது தற்செயலே. ஆயினும் அவ்விரு ஆவணங்களும் தொடங்கிவைத்த இரு நிறுவனங்கள், அதாவது காட்சிப்பொருள் நிறைந்த கூடமும் ஆங்கில வகுப்பறையும், இந்தியக் குழந்தையின் வாழ்வில் மீண்டும் மீண்டும் சந்தித்துக்கொண்டன. பொருளைக் காட்டிச் சொல்லைக் கற்பிப்பது எளிது என்று ஆசிரியர்கள் நம்பினர். அந்த நம்பிக்கை எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அருங்காட்சியகங்கள் பள்ளிகளுக்கெனத் தனிப் பகுதிகளைத் திறந்துவரும் இக்காலத்தில் அவ்வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது பயன்தரும்.

முதலில் பெயர்களைக் கவனிக்கலாம். வட இந்திய மக்கள் அருங்காட்சியகத்தை 'அஜாயிப்கர்', அதாவது வியப்புகளின் வீடு, என்றனர். வங்காளிகள் 'ஜாதுகர்' என்றனர், அது மாயவீடு. சென்னை மக்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், உயிருள்ள விலங்குகள் இருந்த காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தனர். முதல் இரண்டு பெயர்களும் கண்டவரின் உணர்வைச் சொல்கின்றன. மூன்றாவது பெயர் நகைச்சுவையாக ஒலித்தாலும், அதற்குள் ஒரு வரலாற்றுச் செய்தி பொதிந்திருக்கிறது. 1851இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில் சென்னை அருங்காட்சியகம் தொடங்கப்பட்டபோது, அது எழும்பூரில் இல்லை. புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில்தான் இருந்தது. 'காலேஜ்' என்ற சொல் அங்கிருந்தே ஒட்டிக்கொண்டது என்று கொள்ள இடமுண்டு.

அக்கல்லூரி எத்தகையது என்பது மொழியியல் மாணவர்கள் அறிந்ததே. 1812இல் எல்லிஸ் முன்னின்று உருவாக்கிய அந்நிறுவனத்தில் இளம் ஆங்கிலேய அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் பயின்றனர். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்ற எல்லிஸின் கருத்து 1816இல் வெளிவந்ததும் அச்சூழலிலிருந்துதான். ஆக, சென்னையின் அருங்காட்சியகம் முதன்முதலில் குடியேறிய வீடு, ஆங்கிலம் பேசுவோர் இந்திய மொழிகளைக் கற்ற வீடு. அங்கே கற்க வந்தவர் அதிகாரி. கற்பித்தவர் உள்ளூர்ப் பண்டிதர். 1854இல் அருங்காட்சியகம் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்குச் சென்றது. கல்லூரியும் அதே காலத்தில் முடிவுக்கு வந்தது. அதன்பின் மொழி கற்பித்தல் பெரும்பாலும் எதிர்த்திசையிலேயே நடந்தது.

இதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் 'பொருட்பாடம்' என்னும் முறை பரவியது. சொல்லுக்கு முன் பொருள், பொருளுக்கு முன் புலன் என்பது பெஸ்தலாட்சியின் கொள்கை. இங்கிலாந்தில் எலிசபெத் மேயோ அதை ஆசிரியர்களுக்கான கையேடாக்கினார். அவருடைய நூலின் முதற்பாடம் ஒரு கண்ணாடித் துண்டு. குழந்தை அதைத் தொட்டு, ஒளியில் பிடித்துப் பார்த்து, அதன் தன்மைகளைக் கூற வேண்டும். அதன்பின் ஆசிரியர் அத்தன்மைகளுக்குரிய சொற்களைத் தருவார். பொருள்களை அடுக்கிய பெட்டிகளும் பள்ளிகளுக்கு விற்கப்பட்டன. வகுப்பறைக்குள் கொண்டுவரப்பட்ட சிற்றருங்காட்சியகம் என்றே அப்பெட்டியைச் சொல்லலாம்.

ஆனால் முறை பரவியபோது அதன் உயிர் போய்விட்டது. குழந்தை கண்டு சொல்ல வேண்டியதை ஆசிரியர் முன்பே சொல்லிவிட, குழந்தை அதை மனப்பாடம் செய்தது. 1854இல் வெளிவந்த டிக்கன்ஸின் 'ஹார்டு டைம்ஸ்' நாவல் இதையே எள்ளுகிறது. குதிரைகளுக்கிடையே வளர்ந்த சிறுமிக்கு வகுப்பறையில் குதிரையை 'வரையறுக்க'த் தெரியவில்லை. பல்லின் எண்ணிக்கையை ஒப்பிக்கும் சிறுவன் பாராட்டுப் பெறுகிறான். அறிந்தவள் அறியாதவள் ஆனாள். தாய்மொழியிலேயே இது நிகழுமெனில், அயல்மொழியில் என்ன நிகழும் என்பதை ஊகிக்க அதிக முயற்சி தேவையில்லை.

கர்சன் காலத்து அரசும் இதன் ஒரு பகுதியை உணர்ந்திருந்தது. 1904ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைத் தீர்மானம், தாய்மொழியில் உறுதியான அடித்தளம் பெறும் முன் குழந்தைக்கு ஆங்கிலம் கற்பிக்கலாகாது என்றது. பொருட்பாடங்களை அது வரவேற்றது. எனினும் விலையுயர்ந்த கருவிகளைத் தவிர்த்து, குழந்தைகளுக்குப் பழக்கமான, எளிதில் கிடைக்கும் பொருள்களையே பயன்படுத்த வேண்டும் என்றது. கொள்கை இவ்வளவு தெளிவாக இருந்தும், ஆங்கிலம் வேலைக்கான வாயிலாக இருந்தமையால், பெற்றோரின் அவசரமும் தேர்வின் அழுத்தமும் அதை மீறிச் சென்றன.

மாற்று வழியைச் செயலில் காட்டியவர்களுள் ஒருவர் தாகூர். 1892இலேயே, அயல்மொழிச் சுமையால் வங்கக் குழந்தையின் சிந்தனை வற்றுவதைக் குறித்து அவர் கட்டுரை எழுதினார். ஆனால் அவர் ஆங்கிலத்தை விலக்கியவர் அல்லர். சாந்திநிகேதன் மாணவர்களுக்காகத் தாமே ஆங்கிலப் பாடநூல்கள் எழுதினார். 'இங்ராஜி சோபான்', 'இங்ராஜி ஸ்ருதிசிக்ஷா', 'இங்ராஜி சஹஜ் சிக்ஷா' என்பன அவை. அவற்றுள் 'ஸ்ருதிசிக்ஷா', பெயருக்கேற்ப, செவிக்கு முதலிடம் தருகிறது: ஆசிரியர் ஆங்கிலத்தில் ஏவ, குழந்தை கேட்டுச் செய்கிறது. கண்முன் உள்ள பொருளும் உடலின் அசைவும் சொல்லுக்குப் பொருள் தருகின்றன. ஒப்பித்தலுக்கு இடம் குறைகிறது.

மற்றொருவர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட். 1926இல் வெளிவந்த இருமொழியம் குறித்த அவருடைய நூல், காப்பீட்டுத் துறையிலிருந்து 'சரண்டர் மதிப்பு' என்ற கருத்தை எடுத்தாண்டது. பாலிசியை இடையில் கைவிடுபவருக்குக் கையில் என்ன கிடைக்கும் என்பதே அம்மதிப்பு. வங்கப் பள்ளிகளில் பெரும்பாலான மாணவர்கள் படிப்பை நடுவிலேயே விட்டனர். முழுப் பாடத்தையும் முடித்தால் மட்டுமே பயன்தரும் மொழிக்கல்வி அவர்களுக்கு எதையும் தரவில்லை என்று வெஸ்ட் கண்டார். ஒவ்வொரு கட்டத்திலும், நிறுத்தினாலும் மிஞ்சும் ஏதேனும் ஒன்றைப் பாடம் தர வேண்டும் என்பது அவர் வாதம். அவர் அதற்குக் கண்ட விடை வாசிப்புத்திறன். விடையுடன் உடன்படாதவரும் அவருடைய வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது.

விடுதலைக்குப் பின் இரு துறைகளும் விரிந்தன. புது தில்லியில் தேசிய அருங்காட்சியகம் 1949 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. 1959இல் கல்கத்தாவில் பிர்லா தொழில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1965இல் அது வண்டியில் ஏறி ஊர்ப்புறப் பள்ளிகளுக்குச் செல்லத் தொடங்கியது. குழந்தை அருங்காட்சியகத்தைத் தேடி வர வேண்டும் என்ற நிலை மாறி, அருங்காட்சியகம் குழந்தையைத் தேடிச் சென்றது. மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் பின்னாளில் பேருந்தில் நடமாடும் அருங்காட்சியகம் நடத்தியதும், 2019இல் குழந்தைகளுக்கென்றே தனிக் கட்டடம் திறந்ததும் அந்த எண்ணத்தின் தொடர்ச்சியே.

ஆங்கில வகுப்பறையோ 1950களில் வாக்கிய அமைப்புப் பயிற்சியை நம்பியது. ஆசிரியர் புத்தகத்தை உயர்த்திப் பிடித்து 'திஸ் இஸ் எ புக்' என்பார். நாற்பது குரல்கள் எதிரொலிக்கும். பொருள் கையில் இருந்தது. ஆயினும் அது புத்தகம் என்பதை அறியாதவர் அங்கே எவருமில்லை. தெரிந்ததைத் தெரிந்தவரிடமே சொல்வது பேச்சாகாது. 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் உள்ளிட்ட ஊர்களின் பள்ளிகளில் என்.எஸ்.பிரபு நடத்திய திட்டம் இதைத் தலைகீழாக்கியது. மாணவர்களுக்கு வரைபடமும் ரயில் அட்டவணையும் தரப்பட்டன. கூடவே தீர்க்க வேண்டிய ஒரு சிக்கலும் தரப்பட்டது. கருத்துச் சரியாக இருப்பின், ஒற்றைச் சொல் விடையும் ஏற்கப்பட்டது. மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே இலக்கணம் உள்ளே படிகிறது என்பது அத்திட்டத்தின் அடிப்படை. அருங்காட்சியகக் கூடத்தைப் போல அத்தகைய சிக்கல்கள் நிறைந்த இடம் வேறொன்று அரிது.

இருப்பினும் பள்ளிச் சுற்றுலாவில் வழக்கமாக நிகழ்வது வேறு. குழந்தைகள் வரிசையாக நின்று, பெயர்ப்பலகைகளில் உள்ள ஆங்கிலத்தைக் குறிப்பேட்டில் படியெடுக்கிறார்கள். பெயர்ப்பலகையின் மொழியைச் சற்று ஆராய்ந்தால் இதன் வீண் விளங்கும். உலோகத்தின் பெயர், ஊரின் பெயர், காலம்: இவ்வளவே அதில் உண்டு. பெரும்பாலும் வினைச்சொல்லே இராது. வினை இருந்தால் அது செயப்பாட்டு வினையாக இருக்கும், செய்தவர் மறைந்திருப்பார். ஐம்பது பலகைகளைப் படியெடுத்த குழந்தை ஐம்பது பெயர்த்தொடர்களைப் பெறுகிறது. ஒரு வாக்கியத்தையும் பெறவில்லை. கண்ணை எடுத்துத் தாளில் வைத்ததால், பொருளையும் பார்க்கவில்லை.

இதற்கு மாறாக ஒரே பொருளின்முன் அரைமணி நேரம் நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு, தேசிய அருங்காட்சியகத்திலுள்ள மொகஞ்சதாரோவின் 'நடன மங்கை' நல்ல சான்று. 1926இல் கிடைத்த அந்த வெண்கலச் சிற்பத்தைப் பாடநூலின் படத்தில் பெரிதாகக் கண்ட குழந்தை, நேரில் அது 10.5 சென்டிமீட்டர் உயரமே என்று காணும்போது திகைக்கிறது. அத்திகைப்புத் தாய்மொழியில்தான் வெளிப்படும்; வெளிப்படவும் வேண்டும். அதன்பின் ஆசிரியர் தரும் 'ஷி இஸ் ஸ்மால்' என்ற மூன்று சொற்கள், குழந்தை ஏற்கெனவே சொல்ல விரும்பிய ஒன்றுக்கு உருவம் தருகின்றன. இடக்கை முழுவதும் வளையல்கள், வலக்கையில் மிகச் சில: ஒப்பீடு தானே வந்து சேர்கிறது. அவள் நடனமாடுபவள்தானா? அப்பெயர் அகழ்ந்தவர்களின் காலத்தில் இடப்பட்டது; சிற்பத்தில் அவ்வாறு எழுதியிருக்கவில்லை. 'இஸ்' என்பதற்கும் 'மே பி' என்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே வெறும் இலக்கண விதியாக இல்லை. அறிந்ததற்கும் ஊகித்ததற்கும் இடையிலுள்ள எல்லைக்கோடாக இருக்கிறது. வரலாற்று முறையியலின் முதற்பாடமும் அதுவே.

'பேங்கில்' என்ற ஆங்கிலச் சொல்லே இந்தியிலிருந்து சென்றது என்று அந்த இடத்தில் சொல்லலாம். அகமதாபாத்தில் 1949இல் நிறுவப்பட்ட காலிகோ துணி அருங்காட்சியகத்தில் இது இன்னும் தெளிவாகும். 'காலிகோ' கோழிக்கோட்டிலிருந்து வந்த பெயர். 'சின்ட்ஸ்' இந்தியின் 'சீண்ட்'. 'பந்தானா' முடிச்சிட்டுச் சாயமேற்றும் 'பாந்த்னூ'. துணியோடு சொல்லும் கப்பலேறியது. ஆங்கிலம் தன்னிடம் கடன்பட்ட மொழியும்கூட என்று அறியும் குழந்தை, அதன்முன் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை.

இவ்வரலாறு காட்டும் உண்மை எளியது. பொருள் தன்னளவில் மொழியைக் கற்பிப்பதில்லை. கண்ணாடித் துண்டும், உயர்த்திப் பிடித்த புத்தகமும், படியெடுத்த பெயர்ப்பலகையும் தோற்றதற்குக் காரணம் ஒன்றே: குழந்தை சொல்ல விரும்பியதை எவரும் கேட்கவில்லை. தாகூரின் ஏவலும் பிரபுவின் சிக்கலும் வென்ற இடத்தில், குழந்தைக்குச் செய்யவோ சொல்லவோ ஒன்று இருந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையேனும் தாய்மொழிவழிக் கல்வி என்கிறது. பெற்றோர் ஆங்கிலம் கேட்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டிருப்பது பெரும்பாலும் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தை. வீட்டில் ஆங்கிலப் புத்தக அலமாரி இல்லாத அக்குழந்தைக்கு, அருங்காட்சியகக் கூடம் பொதுச்சொத்தாகக் கிடைக்கும் அரிய அலமாரி.

வெஸ்டின் கேள்வியை அக்குழந்தைக்காகக் கேட்டுப் பார்க்கலாம். நாளையே அதன் ஆங்கிலப் படிப்பு நின்றுபோனால், அருங்காட்சியகத்தில் கழித்த அந்த அரைமணியில் என்ன மிஞ்சும்? படியெடுத்த தாள் பழைய காகிதக் கடைக்குப் போகும். உற்றுப் பார்த்ததும், ஐயுற்றதும், தன் மொழியில் வியந்து பிறர் மொழியில் ஒரு வாக்கியம் சொன்னதும் அதனிடமே இருக்கும். வாலிச்சின் கடிதமும் மெக்காலேயின் குறிப்புரையும் ஒரே நாளைப் பகிர்ந்துகொண்டவை. அவ்விரண்டையும் ஒரு குழந்தையின் கண்முன் சேர்த்து நிறுத்தும் ஆசிரியர், எதை முதலில் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே அக்கூடம் வியப்புகளின் வீடாகவோ செத்த காலேஜாகவோ ஆகிறது.