டர்பன் நகர உணவகங்கள்

டர்பன், தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் இந்தியப் பெருங்கடலோரம் அமைந்த துறைமுக நகரம். சூலு மொழியில் எதெக்வினி. மாநகர எல்லைக்குள் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். பெரும்பான்மையோர் சூலு மக்கள். இந்தியாவுக்கு வெளியே இந்திய வம்சாவளியினர் திரளாக வாழும் நகரங்களில் இதற்கு முன்வரிசை இடம் உண்டு. நாயுடு, பிள்ளை, மூட்லி, கவுண்டன் என்ற குடும்பப் பெயர்களைக் கடைப் பலகைகளில் இன்றும் காணலாம்.

இந்நகரில் உணவகம் என்றால் மேசை நாற்காலி போட்ட கூடம் என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது. பொட்டலம் கட்டித் தரும் கவுன்ட்டர், சந்தை நடைபாதை, மதுக்கூடத்தை ஒட்டிய அறை, இறைச்சிக்கடையின் பின்புறக் கரியடுப்பு ஆகியவையும் இதில் அடங்கும். நகரின் புகழ்பெற்ற உணவுகள் பல இவ்விடங்களில்தான் பிறந்தன. யார் எங்கே உட்காரலாம் என்பதை நூறாண்டுக் காலம் சட்டமும் வழக்கமும் முடிவு செய்து வந்ததே இதற்குக் காரணம்.

தொடக்கம்

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியர்களின் முதல் தொகுதி இது. 1911 வரை வந்தவர்கள் 1,52,184 பேர். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். கூலிகளுக்கு அரிசி, பருப்பு, கருவாடு, எண்ணெய், உப்பு ஆகியவை படியாக அளக்கப்பட்டன. அரிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட காலங்களில் மக்காச்சோளம் அளந்தார்கள். அதை நொய்யாக உடைத்துச் சோறுபோல் வேகவைத்துக் குழம்பு ஊற்றிச் சாப்பிடப் பழகினார்கள். நட்டால் இந்தியர் வீடுகளில் அந்தச் சோள நொய்ச் சோறு நெடுங்காலம் நீடித்தது.

கூலிகளுக்கு வேண்டிய மளிகையை விற்கும் முதல் இந்தியக் கடையைப் பாபு நாயுடு என்பவர் 1861இல் ஃபீல்டு தெருவில் திறந்தார். நகரில் இந்திய உணவு வணிகத்துக்கு இதையே தொடக்கமாகக் கொள்வர். 1870களிலிருந்து சொந்தச் செலவில் கப்பலேறிக் குஜராத்தி வணிகர்கள் வந்தனர். முஸ்லிம்களும் இந்துக்களுமாக வந்த இவர்கள் கிரே தெருவைச் சுற்றிக் கடை பரப்பினர். ஜும்மா மசூதி, அதை ஒட்டிய கடைவீதிகள், திரையரங்குகள், மாடி வீடுகள் எல்லாம் சேர்ந்து பின்னாளில் ‘கஸ்பா’ என்று பெயர் பெற்ற வட்டாரம் உருவானது. ஒப்பந்தம் முடிந்த தமிழ்க் குடும்பங்கள் நகரின் ஓரங்களில் நிலம் பிடித்துக் கீரையும் காயும் பயிரிட்டன. விடியுமுன் தலைச்சுமையாகவும் வண்டியிலும் அவற்றை இங்கே கொண்டுவந்தார்கள். குஜராத்திக் கடைக்காரர், தமிழ்க் காய்கறிக்காரர், சூலு கூலித் தொழிலாளர் என்ற மூவர் கூடிய இடம் இது. டர்பன் உணவகங்களின் வரலாறு ஏறத்தாழ இந்த நாலைந்து தெருக்களின் வரலாறே.

விக்டோரியா தெருவில் இந்தியர் சந்தை 1910இல் அமைந்தது. காய்கறி விவசாயிகள் 1934இல் வாரிக் சந்திப்பில் எழுந்த அதிகாலைச் சந்தைக்கு மாற்றப்பட்டனர். விக்டோரியா தெருச் சந்தை 1973இல் தீப்பற்றி அழிந்தது. பின்னர் கட்டப்பட்ட புதிய கட்டடத்தில் மசாலாக் கடைகள் நிலைத்திருக்கின்றன. மாமியார் பெயரைச் சொல்லி விற்கப்படும் மிகக் காரமான மிளகாய்த்தூளை வாங்காமல் எந்தச் சுற்றுலாப் பயணியும் திரும்புவதில்லை. உள்ளூர்க்காரர்கள் அதைத் தொடுவதில்லை. தமக்கு வேண்டிய கலவையைக் கடைக்காரரிடம் சொல்லிக் கலந்து வாங்குகிறார்கள்.

கறுப்பினத் தொழிலாளர்கள் வெளியில் உண்ணும் இடங்களை நகராட்சியே கட்டுக்குள் வைத்திருந்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சூலு மக்களின் சோள மதுவை, அதாவது உட்ச்வாலாவை, வடித்து விற்கும் உரிமை நகராட்சிக்கு மட்டுமே உரியதாயிற்று. அந்த வருமானத்தைக் கொண்டே கறுப்பினத்தவரை ஆளும் நிர்வாகச் செலவு நடந்தது. ‘டர்பன் முறை’ எனப்பட்ட இந்த ஏற்பாட்டைப் பிற நகரங்களும் பின்பற்றின. வீட்டில் மது வடித்துப் பிழைத்த பெண்களின் வயிற்றில் இது அடித்தது. 1929இல் நகராட்சி மதுக்கூடங்கள் புறக்கணிக்கப்பட்டன. 1959இல் கேட்டோ மேனர் பகுதிப் பெண்கள் அவற்றை முற்றுகையிட்டார்கள். இவை அரசியல் வரலாற்றில் பேசப்படும் அளவுக்கு உணவு வரலாற்றில் பேசப்படுவதில்லை.

1950ஆம் ஆண்டுக் குழுப் பகுதிகள் சட்டமும் 1953ஆம் ஆண்டுத் தனி வசதிகள் சட்டமும், இனவாரியாக இடம் பிரித்த பழைய வழக்கத்தை எழுத்தில் இறுக்கின. கடற்கரை விடுதிகள் வெள்ளையருக்கு. இந்தியர் உட்கார்ந்து உண்ணக் கிரே தெரு வட்டாரம் இருந்தது. பம்பி நாயுடு விக்டோரியா தெருவில் நடத்திய குட்வில் லவுஞ்சில் ஜாஸ் இசையும் கறியும் சேர்ந்தே கிடைத்தன. கறுப்பினத்தவருக்குப் பெரும்பாலான இடங்களில் சன்னல் வழி வாங்கிப்போகும் வாய்ப்பு மட்டுமே இருந்தது.

பன்னி சௌ

டர்பனின் தனி அடையாளம் இது. பெட்டி வடிவ வெள்ளை பிரெட்டை நறுக்கி, நடுச் சதையைக் குடைந்தெடுத்து, உள்ளே கறியை ஊற்றிக் கொடுப்பார்கள். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். பாத்திரமே உணவு என்பதால் கழுவித் திருப்பிக் கொடுக்கவும் எதுவும் இல்லை.

தோற்றம் பற்றி மூன்று கதைகள் உண்டு. கோல்ஃப் மைதானத்தில் பந்துப் பை சுமந்த இந்தியப் பையன்களுக்காகத் தோன்றியது என்பது ஒன்று. கரும்பு வெட்டப் போனவர்கள் கட்டிச் சென்ற மதிய உணவு என்பது இன்னொன்று. மூன்றாவது கதை கிரே தெருவில் ‘பனியா’க்கள் எனப்பட்ட குஜராத்தி வணிகர்களின் சைவ உணவகங்களைச் சுட்டுகிறது. உள்ளே உட்கார முடியாத வாடிக்கையாளருக்கு, பிரியாமல் கொண்டுபோகத்தக்க வகையில் பிரெட்டில் வைத்துக் கொடுத்தார்கள் என்கிறது அது. ரொட்டியில் சுற்றிய பீன்ஸ் கறி வழியிலேயே ஒழுகிவிடும். குடைந்த பிரெட் ஒழுகாது. ஜி. சி. காப்பிட்டன் குடும்பத்தார் கிரே தெருவில் 1912 முதல் 1992 வரை நடத்திய சைவ உணவகத்தின் பீன்ஸ் பன்னியைப் பழைய தலைமுறை இன்னும் சொல்லி ஏங்குகிறது. பேக்கரி பிரெட் நகரத்துப் பொருள். தோட்டத்துக் கூலிக்கு அன்றாடம் கிடைத்த சரக்கன்று. ஆகவே மூன்றாவது கதையையே ஏற்பது முறை. ‘பனியா’ என்பதே ‘பன்னி’ ஆயிற்று என்ற பெயர் விளக்கமும் அதனோடு பொருந்துகிறது.

அளவால் பன்னி சௌ மூவகை: கால், அரை, முழு. ஒருவர் வயிற்றுக்குக் கால் போதும். அரையை இருவர் பங்கிடலாம். முழுதைப் பந்தயம் கட்டியவர்கள்தான் வாங்குவார்கள்.

நிரப்பும் பொருளால் பீன்ஸ், மட்டன், கோழி, கொத்துக்கறி எனப் பலவகை. ஆட்டுக்கால்-பீன்ஸ், குடல்-பீன்ஸ் வகைகளும் சில கடைகளில் உண்டு. மட்டன் பன்னிக்கே செல்வாக்கு அதிகம். ஆயினும் முதல்முறை உண்பவர் பீன்ஸில் தொடங்குவதே நல்லது. கடையின் மசாலாப் பக்குவத்தை இறைச்சி மறைத்துவிடும், பீன்ஸ் மறைக்காது.

குடைந்தெடுத்த பிரெட் துண்டை மேலே மூடியாக வைத்துத் தருவார்கள். முதலில் அதைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துத் தின்ன வேண்டும். பிறகு விளிம்பை மேலிருந்து கீழாகப் பிய்த்துக்கொண்டே இறங்க வேண்டும். அடிப்பகுதியில் கை வைத்தால் சுவர் இடிந்து குழம்பு சட்டையில் வழியும். துருவிய காரட், வெங்காயம், பச்சைமிளகாய் கலந்த ‘சாம்பல்’ என்ற பச்சடி பக்கத்தில் வரும். கரண்டி கேட்பவரை வெளியூர்க்காரர் என்று ஊகித்துக்கொள்வார்கள்.

மதுக்கூடமும் உணவறையும் சேர்ந்த பழைய விடுதியான உம்கேனி சாலை பிரிட்டானியா ஓட்டல், ஸ்பிரிங்ஃபீல்டு பகுதியின் ஹாலிவுட் பன்னி பார், உம்பிலோவின் கவுண்டன்ஸ், கிளென்வுட்டின் கேன்கட்டர்ஸ் ஆகியவை இவ்வுணவுக்குப் பெயர்பெற்றவை. கிரே தெருவில் பட்டேலின் சைவச் சிற்றுண்டிச்சாலை பழைய பாணியைக் காத்தது. எது சிறந்தது என்று கேட்டால் டர்பன்காரர் தம் வீட்டுக்கு அருகிலுள்ள கடையைச் சொல்வார்.

டர்பன் கறியும் பிறவும்

டர்பன் கறி என்பது தனி வகை. காஷ்மீரி மிளகாய் கலந்த சிவப்பு மசாலா, மேலே மிதக்கும் எண்ணெய், கறிவேப்பிலை, குழம்பை உறிஞ்சிக் குழைந்த பெரிய உருளைக்கிழங்குத் துண்டுகள். தேங்காய் அரிதாகவே சேரும். இன்றைய தமிழ்நாட்டுக் குழம்பை எதிர்பார்த்துப் போகிறவருக்கு முதல் வாயில் ஏமாற்றமும் மூன்றாவது வாயில் மனமாற்றமும் ஏற்படும். புளி கரைத்த மீன் குழம்பில் மட்டும் உறவு அப்படியே தெரிகிறது. இங்கே பிரியாணியில் மைசூர்ப் பருப்பும் உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும் சேரும். அதனோடு பருப்புக் குழம்பும் தயிரும் தருவார்கள். சேப்பங்கிழங்குக்கு ‘மதும்பி’ என்ற சூலு வழிப் பெயரே வழங்குகிறது. முறுக்கு முறுக்காகவே இருக்கிறது.

ஓவர்போர்ட் பகுதியில் ஸ்பார்க்ஸ் சாலையை ஒட்டிய ஜானிஸ் ரொட்டி, சன்ரைஸ் சிப் அன்ட் ராஞ்ச் போன்ற கடைகள் ரொட்டிச் சுருளுக்குப் பெயர்பெற்றவை. உள்ளே உருளைக்கிழங்கு வறுவலும் சீஸும் மட்டன் குழம்பும் அடைத்த சுருளை நள்ளிரவிலும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். ரோஜா சர்பத்தும் பாலும் சப்ஜா விதையும் ஐஸ்கிரீமும் கலந்த ‘பாம்பே கிரஷ்’ இதற்குத் துணை. கிரே தெரு வட்டாரத்தில் பல கடைகள் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்காக மூடப்படும்.

சூலு உணவிடங்கள்

வாரிக் சந்திப்பில் மாட்டுத்தலை வேகவைக்கும் பெண்கள் நாள்தோறும் அண்டாக்களுடன் அமர்ந்திருக்கிறார்கள். வெந்த இறைச்சியைப் பலகையில் நறுக்கி, உப்பும் மிளகாயும் தூவி, ஆவியில் வெந்த ‘உஜெக்கே’ அப்பத்துடன் தருவார்கள். வேகவைத்த சோளக்கதிரும் அங்கேயே கிடைக்கும். அங்குள்ள அதிகாலைச் சந்தையை அகற்றி வணிக வளாகம் கட்ட 2009இல் எடுக்கப்பட்ட முயற்சி, நடைபாதை வணிகர்களின் எதிர்ப்பால் நின்றது.

உம்லாசி போன்ற புறநகரங்களில் ‘ஷிசன்யாமா’ நடைமுறை. இறைச்சியை எடைபோட்டு வாங்கி, அங்கேயே கரியடுப்பில் சுடக் கொடுத்துவிட்டு, பாட்டுக்கும் பேச்சுக்கும் இடையே காத்திருக்க வேண்டும். சோளக்களியும் ‘சகலாக்கா’ என்ற காரக் காய்க் கூட்டும் உடன் வரும். மேக்ஸ் லைஃப்ஸ்டைல், எயாடினி ஆகிய இரண்டும் நாடறிந்தவை. ஞாயிறு பிற்பகலில் இடம் கிடைப்பது அரிது.

கடலோரமும் வடபுறமும்

மொசாம்பிக் வழி வந்த போர்த்துகீசியச் செல்வாக்கால் பெரி-பெரி இறால் எங்கும் உண்டு. உஷாகா கடல் பூங்காவில், கப்பல் வடிவக் கட்டடத்துக்குள் சுறாத் தொட்டியைப் பார்த்தபடி உண்ணும் வகையில் அமைந்தது கார்கோ ஹோல்டு உணவகம். துறைமுகக் கரையில் ஜான் ராஸ் மாளிகையின் உச்சியில் 1973இல் தொடங்கிய ரோமா சுழலும் உணவகம் காட்சிக்காகவே பெயர்பெற்றது. நகருக்கு வடக்கே உம்ஷ்லாங்காவில் ஆய்ஸ்டர் பாக்ஸ் விடுதியின் கறிப் பந்தி விலை மிகுந்தது. ஒரே இடத்தில் பல டர்பன் கறிகளைச் சுவைக்க விரும்புவோர் அங்கே போகலாம். ஃப்ளோரிடா சாலையில் பழைய மாளிகைகள் உணவகங்களாகவும் மதுக்கூடங்களாகவும் மாறியுள்ளன.

இன்றைய நிலை

தனி வசதிகள் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. உம்ஷ்லாங்காவில் 2001இல் கேட்வே வணிக வளாகம் திறந்தபின் உட்கார்ந்து உண்ணும் கூட்டம் வடக்கே நகர்ந்தது. கிரே தெரு டாக்டர் யூசுஃப் தாதூ தெரு ஆயிற்று. விக்டோரியா தெரு பெர்த்தா ம்கீஸே தெரு ஆயிற்று. வழி கேட்டால் பலரும் பழைய பெயரையே சொல்கிறார்கள். 2021 ஜூலைக் கலவரமும் 2022 ஏப்ரல் வெள்ளமும் கடைகளைக் கடுமையாகப் பாதித்தன. நடுநகரில் மாலை இருட்டுமுன் பெரும்பாலான கடைகள் அடைக்கப்படுவதால், அங்கே உண்ண விரும்புவோர் மதிய வேளையிலேயே போய்விட வேண்டும்.